அலை வந்தால் நீ போ

ஹெரிங் பாயின்ட், நோவா ஸ்கோஷியா
ஜூலை 4

அடேல்,

போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். "போன்ல நீ என்னைச் சிரிக்க வெச்சுடுவே லோர்னா. அப்புறம் நான் கோபமா இருக்க முடியாது" என்றாய். சரி, போன் பண்ணவில்லை. கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லையே. நான் கடைசியாக ஒருவருக்குக் கடிதம் எழுதியது ஒன்பதாம் வகுப்பில், ஒரு ஹாக்கி ஆட்டக்காரனுக்கு. அவன் அதை அணி முழுவதுக்கும் படித்துக் காட்டினான். நீ இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்ட மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மே மாதத்து அந்த வியாழக்கிழமையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். புயல் கடந்துபோன மறுநாள். அலைச்சறுக்க வருகிற நம் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் கரைப்பக்கம் இருந்தார்கள். நீயும் நானும் மட்டும் அலை உடையும் இடத்தைத் தாண்டி, பலகைமேல் உட்கார்ந்து காத்திருந்தோம். அப்போது நீ சொன்னாய்: "லோர்னா, பிப்ரவரியிலேர்ந்து உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். எனக்கு..."

அப்போதுதான் உன் முதுகுக்குப் பின்னால் அது எழுந்தது. அந்த வருஷத்திலேயே அப்படி ஓர் அலை வரவில்லை. நான் பலகையைத் திருப்பினேன், போய்விட்டேன். ஆற்று முகத்துவாரம் வரைக்கும் போனேன். இரண்டு கையையும் தூக்கிக் கத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தால், நீ பலகையை இடுக்கிக்கொண்டு கூழாங்கற்களின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நீ வியாழக்கிழமைகளில் வரவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு சஸ்காச்சுவானுக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். இந்த நாட்டில் கடலிலிருந்து அதைவிடத் தூரமாக ஓர் இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்தேன். அநேகமாக இல்லை.

அடேல், நம் கூட்டத்தில் எல்லோருமே பாதி வாக்கியத்தில் போகிறவர்கள்தானே? பெர்னிஸ் தன் முதல் புருஷன் கதையை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவன் சமையலறையில் பெட்டியோடு நிற்கிற இடம் வரைக்கும் வரும், உடனே அலையும் வரும். அந்த ஆள் கிளம்பினானா இல்லையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பெர்னிஸ் யார் மீதும் கோபப்பட்டு கோதுமை வயலுக்குப் போகவில்லை.

"எனக்கு" என்ன? நானாகவே யோசித்துப் பார்த்தேன். உனக்கு உடம்பு சரியில்லை. அப்படியென்றால் இப்போதே சொல், நான் விமானம் ஏறுகிறேன். உனக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். அந்த மீன் பரிசோதகர்தான் என்றால் வேண்டாம், அவர் பல்லைச் சுத்தம் செய்தவள் நான், எனக்குத் தெரியும். இல்லையென்றால், தண்ணீரில் நான் பாடுவது உனக்குப் பிடிக்கவில்லை. இதில் எது?

உன் பலகையும் வெட்சூட் ரப்பர் உடையும் என் கொட்டகையில் பத்திரமாக இருக்கின்றன. எலிகள் உண்டு. ஆனால் அவை பழைய நாற்காலியின் மெத்தையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

லோர்னா

•

வில்லோ கிரீக், சஸ்காச்சுவான்
ஜூலை 13

லோர்னா,

உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த ஹாக்கிக்காரன் எப்படிப் படித்தான் என்றுதான் வியப்பாக இருக்கிறது.

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆளும் கிடைக்கவில்லை. நீ பாடுவது பிடிக்காது, ஆனால் அதைச் சொல்ல பிப்ரவரியிலிருந்து காத்திருக்க மாட்டேன்.

நீ போனதற்காக எனக்குக் கோபம் என்று நினைக்கிறாய். அப்படியில்லை. அலை வந்தால் போகத்தான் வேண்டும். அந்த அலை வந்ததை நானும் உன் முகத்தில் பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாய். வழக்கம்போல வெந்நீர்ப் புட்டியைத் திறந்து முதலில் குளிரில் மரத்துப்போன என் கையில்தான் ஊற்றினாய், அதை மறுக்க மாட்டேன். ஊற்றிக்கொண்டே "பாத்தியா? பாத்தியாடி? அது என் தலைக்கு மேல வளைஞ்சு வந்துச்சு, பாத்தியா?" என்றாய். பெர்னிஸிடம் சொன்னாய். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னாய். பிறகு மறுபடியும் என்னிடம் சொன்னாய். நான் காத்திருந்தேன். இப்போது கேட்பாள், இதோ கேட்பாள் என்று. வண்டியில் ஏறும்போதுகூட ஜன்னலை இறக்கி வைத்திருந்தேன். நீ கையாட்டிவிட்டுப் போனாய்.

அடுத்த வாரமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்கவில்லை.

மூன்று மாதம் தைரியம் சேர்த்து அந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். இன்னொரு தடவை தொடங்க என்னால் முடியாது.

இங்கே எல்லோரும் நலம். அக்கா ஜினெட் என்னைப் பார்த்தவுடனே எதையாவது சாப்பிடக் கொடுக்கிறாள். அவள் புருஷன் லூசியன் தினமும் சாயங்காலம் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, காற்றில் ஆடுகிற கனோலா வயலைக் காட்டி, "அதோ பாரு, உன் கடல்" என்பார். பத்து நாளாக அதே நகைச்சுவை. பத்து நாளாகச் சிரிக்கிறேன். ஊரில் ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. காலையில் அங்கே போகிறேன்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். இந்த ஊர்ப் பள்ளிக்கு பிரெஞ்சு ஆசிரியை வேண்டுமாம். தலைமையாசிரியர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டார். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றால் இங்கேயே இருந்துவிடுவேன். சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

அடேல்

•

ஹெரிங் பாயின்ட்
ஜூலை 24

அடேல்,

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். அதனால்தான் தாமதம்.

"கேட்கவில்லை" என்கிறாயே, நீ எப்போதாவது கேட்கவிட்டிருக்கிறாயா? மூன்று வருஷப் பழக்கத்தில் "எப்படி இருக்கே" என்றால் "நல்லா இருக்கேன், உன் முட்டி எப்படி இருக்கு" என்று திருப்பிவிடுவாய். அப்புறம் நான் என் முட்டியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவேன். ஜன்னலை இறக்கி வைத்தாயாம். ஜன்னலை இறக்கினால் உள்ளே ஒரு வாக்கியம் இருக்கிறது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? வாயைத் திறந்து "ஏய் லோர்னா, இங்க வா" என்று சொல்வதற்கு என்ன?

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

என் வேலை என்ன என்று யோசித்துப் பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் நான் பேசுகிறேன். "பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" என்பேன். "ஆ" என்பார்கள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். இருபது வருஷமாக இப்படிப் பேசியே பழகிவிட்டது. உன்னையும் அப்படித்தான் நாற்காலியில் படுக்க வைத்துவிட்டேன் போல.

நேற்று கடலில் அலையே இல்லை. தட்டு மாதிரி கிடந்தது. ஜூலையில் வேறென்ன இருக்கும்? ஆனாலும் வியாழன் என்பதால் போனோம். கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். உன் கடிதத்தைப் பற்றிப் பெர்னிஸிடம் புலம்பினேன். (முழுவதும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். சரி, முக்கால்வாசி.) அவர் சொன்னார்: "அந்தப் பொண்ணு பிப்ரவரிக்கு அப்புறம் ஒரு அலைகூடப் பிடிக்கல. நீ கவனிக்கலையா?"

"சும்மா இருங்க பெர்னிஸ். மே வரைக்கும் ஒரு வியாழன்கூட விடாம வந்தா" என்றேன்.

"வந்தா. பிடிக்கல. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ நான். கண்ணாடியில பின்னாடி யார் ஏறினாங்க, யார் ஏறாம நின்னாங்கன்னு பாக்காம வண்டி எடுத்ததே இல்ல."

நீ கடைசியாகப் பிடித்த அலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மார்ச்சில் ஒன்று? ஏப்ரலில், அந்த மூடுபனி நாளில்? இல்லை. எல்லாவற்றிலும் நான்தான் இருக்கிறேன். நீ பலகைமேல் உட்கார்ந்தபடி கையை வீசி, "நீ போ, நீ போ, இது உன்னோடது" என்கிறாய். மார்ச், ஏப்ரல், மே முழுக்க அதே குரல். என் சிநேகிதி எவ்வளவு தாராளம் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் நீ மூழ்கினாயே, அன்றிலிருந்தா? அதுதானா?

இப்போது கேட்கிறேன். தாமதமாகத்தான் கேட்கிறேன். ஆனால் பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகமாட்டேன்.

லோர்னா

•

வில்லோ கிரீக்
ஆகஸ்ட் 1

லோர்னா,

அதுதான். ஆனால் நீ நினைப்பது போல இல்லை.

பேசுவதைவிட எழுதுவது எளிது என்று இப்போது தெரிகிறது. எழுதும்போது யாருக்கும் பின்னால் அலை எழுவதில்லை.

என் புருஷன் ரேமோன் இறந்த பிறகு, அந்த நவம்பரில் நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். அதற்கு முன் உன்னை எனக்கு நாற்காலிக்கு மேல் முகமூடி போட்ட ஒரு முகமாகத்தான் தெரியும். "ஈறு ரொம்ப மோசமா இருக்கு, நீங்க தூங்குறதே இல்லைன்னு தெரியுது" என்றாய். பிறகு ஒரு பழைய வெட்சூட்டை நீட்டி, "இதுக்குள்ள ஏறுறதுக்கே அரை மணி நேரமாகும். அந்த அரை மணி நேரம் வேற எதையும் நினைக்க முடியாது" என்றாய். உண்மைதான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று உன் காரைப் பிடித்துக்கொண்டு குதித்தபோது, ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். அன்று ராத்திரி ஒன்பது மணிநேரம் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காக மறு வியாழன் வந்தேன். பிறகு பெர்னிஸின் புருஷன் கதைக்காக வந்தேன். பிறகு, அலைக்காகவே வந்தேன்.

பிப்ரவரியில் ஓர் அலை என்னைக் கீழே அழுத்தியது. எழும்புவதற்குள் இன்னொன்று வந்தது. எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான், உனக்கே நடந்திருக்கிறது. நீ மேலே வந்து கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த அலைக்குக் கையால் துழாவிக்கொண்டு போவாய்.

எனக்கு அங்கே கீழே ஓர் எண்ணம் வந்தது. பயம் வரவில்லை. "சரி, போதும்" என்று தோன்றியது. அமைதியாக. யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வதைப் போல.

அப்புறம் எப்படியோ மேலே இருந்தேன். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றீர்கள். நான் சிரித்தேன், நீ வெந்நீர் ஊற்றினாய். வீட்டுக்குப் போய் வெகுநேரம் கார் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொல்ல வந்த வாக்கியம் இதுதான்: "எனக்குக் கடல் மேல பயமில்ல லோர்னா. எனக்கு என் மேலதான் பயம்." மறுபடி அலை அழுத்தினால், மறுபடி "போதும்" என்று தோன்றினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதனால் அலை பிடிக்கவில்லை. ஆனால் வியாழனை விடவும் மனமில்லை. ஓரமாக உட்கார்ந்து உன்னை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா?" என்று கேட்டாயே, நான் பார்க்கவில்லை. நீ அலையில் ஏறிவிட்டால், பின்னால் இருப்பவளுக்கு உன் தலையுச்சி மட்டும் கொஞ்சம் தெரியும். பிறகு அதுவும் மறைந்துவிடும். அப்புறம் அலையின் முதுகுதான். நீ எங்கேயோ கரைப்பக்கம் கத்துவது கேட்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு சோகமாக எழுத நினைக்கவில்லை. இங்கே நீச்சல்குளத்தில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், சிரிப்பாய். ஆழமான பக்கத்தில் தரை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "போதும்" என்று தோன்றுகிறதா என்று பார்க்கிறேன். ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மூச்சு முட்டுகிறது, மேலே வந்துவிடுகிறேன். மறுபடி போகிறேன். இங்கே காவலுக்கு இருப்பவர் ஓல்கா பனாசுக், அறுபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் விசிலும் கையில் பின்னல் வேலையும். மூன்றாம் நாள் விசில் ஊதிவிட்டார். "இந்தாம்மா! இங்க எல்லாரும் மேல நீந்துறாங்க, நீ மட்டும் எதுக்கு அடியில போய் உக்காந்திருக்கே? எதையாவது தொலைச்சுட்டியா?"

"ஆமா" என்றேன்.

"கிடைச்சுதா?"

"இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப தேடு. ஆனா பத்து மணிக்கு எங்க தண்ணிப் பயிற்சி. அப்ப என் வரிசையில வந்து நில்லு. ஆள் குறைவா இருக்கு."

இப்போது நான் எழுபது வயதுக்காரப் பெண்மணிகளுக்கு நடுவே, போல்கா இசைக்குக் கையைத் தூக்கிக் காலை உதைத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரையும்விட நான்தான் மோசம்.

அடேல்

•

ஹெரிங் பாயின்ட்
ஆகஸ்ட் 10

அடேல்,

உன் கடிதத்தைப் பல் மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடத்தில் காரிலேயே பிரித்துப் படித்தேன். அப்புறம் உள்ளே போய், வாயைத் திறந்து படுத்திருந்த ஒரு நல்ல மனிதரிடம் முக்கால் மணிநேரம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பல்லைச் சுத்தம் செய்தேன். எழுந்தவர் பயந்துவிட்டார். "எம் பல்லுல ஏதாவது பெரிய பிரச்சினையா?" என்றார்.

எனக்கு ஒன்று தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று.

பிப்ரவரியில் நீ மேலே வந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உன் பலகை செங்குத்தாகத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதைக் காலோடு பிணைக்கிற கயிறு இறுகிப்போய் நேராகக் கீழே இறங்கியிருந்தது. அதன் மறுமுனையில் நீ. அதை நோக்கிக் கையால் துழாவிக்கொண்டு போனேன். பாதி தூரம் வருவதற்குள் ஒரு கை வெளியே வந்தது, அடேல். தலை இல்லை. கைதான் முதலில் வந்தது. அந்தக் கறுப்புக் கையுறை அந்தக் கயிற்றைப் பிடித்திருந்தது. அப்புறம் மறு கை அதற்கு மேலே வந்து பிடித்தது. மரம் ஏறுகிறவளைப் போலக் கயிற்றைப் பிடித்துப் பிடித்து நீ ஏறி வந்தாய். தலை வந்ததும் பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாய். நானும் பெர்னிஸும் சேர்ந்து இழுத்தும் அதை உன்னிடமிருந்து பிரிக்க முடியவில்லை. "விடுடி, பலகையை விடு, உன்னைக் கரைக்குக் கொண்டுபோகணும்" என்று கத்தினேன். நீ விடவில்லை.

உன் தலைக்குள் என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது. தோன்றியிருக்கும், நீ பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் உன் கை அதைக் கேட்கவில்லை. "போதும்" என்றிருப்பவள் கயிறு பிடித்து ஏறி வரமாட்டாள். இதற்கு இரண்டு சாட்சி இருக்கிறோம். பெர்னிஸிடம் வேண்டுமானால் கேட்டுப்பார், உன் பலகை இடித்த தழும்பை இன்னமும் காட்டுவார்.

நேற்றைக்குக் கொஞ்சம் அலை இருந்தது, இடுப்பளவு. நான் போய் நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. "நீ போ, நீ போ" என்று மற்றவர்களை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். "உடம்பு சரியில்லையா லோர்னா?" "முட்டியா?" "டாக்டர்கிட்ட போனியா?" என்றார்கள். நான் ஒரு தடவை சும்மா இருந்ததற்கே இத்தனை பேர். நீ மூன்று மாதம் இருந்தாய்.

பெர்னிஸ் ஒன்றில் ஏறினார். அவருடைய மஞ்சள் தொப்பி கொஞ்சம் தெரிந்தது. அப்புறம் மறைந்தது. அலையின் முதுகுதான் இருந்தது, சாம்பல் நிறத்தில், ஒன்றுமே நடக்காததுபோல. இதுவரை அலையின் இந்தப் பக்கத்தை நான் நின்று பார்த்ததே இல்லை. எனக்கு மூச்சு நின்றுபோயிற்று. இடுப்பளவு அலைக்கே!

இவ்வளவு நாளாக உன்னைத் திரும்ப வா என்று கூப்பிடத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது கூப்பிட மாட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தால் எடுத்துக்கொள். நீ எனக்குச் சொன்னதையே உனக்குச் சொல்கிறேன். நீ போ, இது உன்னோடது. எந்தப் பக்கம் என்று நீயே பார்த்துக்கொள். ஆனால் உன் கைக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் முடிவு செய்யாதே. அதற்குத்தான் இதை எழுதினேன்.

ஒரு துக்கச் செய்தி. அலை இல்லாத கோடையில் பெர்னிஸின் கதை முடிந்துவிட்டது. புருஷன் பெட்டியோடு நின்றானே, அது அவனுடைய பெட்டியே இல்லையாம். சலவை எந்திரம் பழுதாகி, துணிகளை மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பியிருக்கிறான். ஆறு வருஷம், அடேல்! "அப்புறம் எப்பத்தான் போனான்?" என்றேன். "அது வேற கதை" என்றார்.

லோர்னா

•

வில்லோ கிரீக்
ஆகஸ்ட் 19

லோர்னா,

கையைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜினெட் வந்து, "என்ன, கையில ஏதாவது குத்திடுச்சா?" என்றாள். இல்லை என்றேன். அப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஆரம்பத்திலிருந்து. அவள் அழுதாள், பிறகு இறைச்சிப் பணியாரம் சூடாக்கிக் கொண்டுவந்தாள். லூசியன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அன்று சாயங்காலம் வாசலுக்குக் கூப்பிட்டார். வயலைக் காட்டப் போகிறார் என்று நினைத்தேன். "உன் வண்டிக்கு ஆயில் மாத்தி வெச்சிருக்கேன். டயரும் பாத்துட்டேன். எப்ப கிளம்பறே?" என்றார். நான் இன்னும் முடிவே சொல்லவில்லை!

மறுநாள் தலைமையாசிரியரிடம் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார். "இங்க கடல் இல்ல" என்றேன். "அது நீங்க வரும்போதே தெரியுமே மேடம்" என்றார்.

ஓல்காவிடமும் சொன்னேன். "தேடினது கிடைச்சுதா?" என்றார். "எங்கிட்டயேதான் இருந்திருக்கு. பாத்தவங்க சொன்னாங்க" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, விசிலை ஊதிவிட்டார். கடைசி நாளன்று தண்ணீர்ப் பயிற்சிப் பெண்மணிகள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு நீச்சலுடை பரிசளித்தார்கள். மஞ்சள் நிறத்தில், பின்பக்கத்தில் ஒரே ஒரு மிகப்பெரிய சூரியகாந்தி. கடலில் கட்டாயம் போடுவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். வெட்சூட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது?

வருகிறேன். ஆனால் அலை பிடிப்பேன் என்று சொல்லவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்காருவேன், அவ்வளவுதான். கரையில் எல்லோரையும் சேர்த்து வைத்துக்கொண்டு கைதட்டினால் அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவேன். கேக் வேண்டாம். பாட்டு வேண்டவே வேண்டாம்.

அடேல்

•

ஹெரிங் பாயின்ட்
செப்டம்பர் 9, உன் வீட்டு வாசலில்

லோர்னா,

கதவைத் தட்டினேன், நீ வேலைக்குப் போயிருந்தாய். கொட்டகைச் சாவி அதே உடைந்த பூந்தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. மாற்று என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? உள்ளே விளக்கு எரியவில்லை, தடவித் தடவிப் பலகையையும் வெட்சூட்டையும் எடுத்துக்கொண்டேன்.

தெற்கே ஒரு சூறாவளி கரையைத் தொடாமல் போகிறதாமே. இங்கிருந்தே அலைச் சத்தம் கேட்கிறது.

நாளை வியாழன்.

அ.

•

ஹெரிங் பாயின்ட்
செப்டம்பர் 10

அடேல்,

இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடிவிடப் போகிறேன். ஏன் நேரில் சொல்லவில்லை என்று கடைசியில் தெரியும்.

இன்று காலை நாம் இரண்டு பேரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ பேசினாய், நான் கேட்டேன். (கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்.) இரண்டு பெரிய அலைகள் வந்தன, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதை மட்டும் கொஞ்சம் பார்த்தேன். நீ பேசி முடித்தாய். "முதுகுல சில்லுன்னு இருக்கு, ரொம்ப நாளாச்சுல்ல" என்றாய். அப்போதுதான் நான் ஆரம்பித்தேன்: "அடேல், தண்ணிக்குள்ள இறங்கினதிலேர்ந்து உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன். உன்..."

உன் கண் என் தோளைத் தாண்டிப் போனது. உன் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும், என் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். "நீ போ" என்று சொல்லவில்லை. பலகையைத் திருப்பினாய், போய்விட்டாய்!

பாதி வாக்கியத்தில், அடேல்!

உன் தலையுச்சி கொஞ்சம் தெரிந்தது. அப்புறம் மறைந்தது. அலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தும் சத்தம் கேட்கவில்லை. நீ கத்துகிறவள் இல்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரொம்பத் தூரத்தில், ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், அலை தாழ்ந்த இடத்தில் ஒரு கை மேலே எழுந்தது. வலது கை. எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சும்மா மேலே தூக்கியபடி.

நான் அழுதேன். தண்ணீருக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நீ திரும்பி வந்து, "பாத்தியா? பாத்தியா லோர்னா?" என்றாய். "பாக்கல. பின்னாடியிலேர்ந்து ஒண்ணும் தெரியாதுடி" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து விழுந்தாய். உடனே அடுத்ததற்குப் போனாய். அதற்கடுத்ததற்கும். எனக்கு வாக்கியத்தை முடிக்க இடமே கிடைக்கவில்லை.

கரையில் எல்லோரும் கைதட்டினார்களே, நான் சொல்லிக் கொடுத்துத் தட்டினார்கள் என்று முறைத்தாய். சத்தியமாக இல்லை. அவர்கள் அலையின் முன்பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. பெர்னிஸ் ஏன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார் என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

நான் காலையில் சொல்ல வந்த வாக்கியத்தின் மறுபாதி இது: உன் வெட்சூட்டின் பின்பக்கத்தை எலி தின்றுவிட்டது. சின்ன ஓட்டை இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். நாற்காலி மெத்தையோடு நிறுத்திக்கொள்ளும் என்று நம்பியது என் தப்பு. அந்த வழியாக இன்று காலை முழுவதும், இந்த வருஷத்தின் மிகப்பெரிய அலைகளில், ஹெரிங் பாயின்ட் மொத்தத்துக்கும் ஒரு சூரியகாந்தி தெரிந்தது.

யாரும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று பெர்னிஸ் உத்தரவு போட்டிருக்கிறார். "சொன்னா அவ கரைக்கு வந்துடுவா, பேசாம இருங்க" என்றார். அதனால் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் உன்னிடம் எதையும் பாதியில் விடுவதில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

பசையும் ஒட்டுத்துணியும் என்னிடம் இருக்கின்றன. நாளைக்குக் கொண்டுவா. இல்லை, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாலும் எனக்குச் சரிதான். நீ அலைக்குள் மறைந்தால் கரையில் இருப்பவர்களாவது உன்னைப் பார்த்து எனக்குச் சொல்வார்கள்.

லோர்னா